பிழைச்செய்தி இல்லாத இறக்குமதி

“பெரிய தரவுத்தளக் கோப்பை ஏற்றும்போது சேவையகம் பிழை காட்டி நின்றுவிடுகிறது, என்ன செய்வது?” ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன். இதில் சிக்கியிருப்பது ஒரு கோப்பு மட்டுமன்று; அதன்மேல் எழும் ஆய்வு முடிவும்தான்.

பல்கலைக்கழகங்களில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பலரும் பகிர்ந்துகொள்ளும் சேவையகங்கள். கட்டளை முனையம் நமக்குத் திறந்திருப்பதில்லை. உலாவி வழியே பிஎச்பிமைஅட்மின் ஒன்றே வாயில். அவ்வாயிலில் காவலர் பலர். பிஎச்பியின் இயல்பு அமைப்பில் பதிவேற்றும் கோப்பின் உச்ச அளவு 2 எம்பி. நிரல் ஓடும் நேரம் 30 நொடி. முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸ், இயல்பாக 60 நொடிகளுக்குள் மறுமொழி வராவிட்டால் 504 என்று அறிவித்து விலகிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லோ, ஒற்றைக் கட்டளை அதற்குரிய நீள வரம்பை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும். நம் திரையில் 2006 என்ற எண் தோன்றும். மைஎஸ்கியூஎல்டம்ப் பல நூறு வரிசைகளை ஒரே கட்டளையாகக் கோத்து எழுதுவதால் இந்நிலை அரிதன்று. ஆகவே முதலில் பிழை எண்ணைப் படியுங்கள். யார் மறித்தார் என்பதை அதுவே சொல்லும்.

கோப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றும் பிக்டம்ப் போன்ற நிரல்கள் இத்தடைகளுள் பலவற்றைக் கடக்க உதவுகின்றன. குறிப்பிட்ட அளவு வரிகளை ஏற்றியபின் நிரல் தன்னையே மீண்டும் அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆயினும் ஒவ்வொரு பகுதிக்கும் தரவுத்தள இணைப்பு புதிதாகத் திறக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் உள்ள எழுத்துக்குறியாக்க அறிவிப்பு முதல் இணைப்போடு முடிந்துபோகும். அதனை நிரலின் அமைப்பிலும் தனியே குறிக்காவிட்டால், முதற்பகுதியில் தமிழாக ஏறியது அடுத்த பகுதியில் உருச்சிதைந்து ஏறக்கூடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடர்கள். நான் அஞ்சுவது வேறொன்றை. ஏற்றம் இடையில் நின்றால், அதுவரை ஏறிய வரிசைகள் பொதுவாக அப்படியே தங்கிவிடும். பாதி நிரம்பிய அட்டவணையும் கேட்ட வினாவுக்கெல்லாம் தயங்காமல் விடை தரும்.

சென்ற பருவத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர், பழைய இதழ்த் தொகுப்பொன்றில் ஒரு சொல் ஆண்டுதோறும் தேய்ந்து மறைவதைக் காட்டும் வரைபடத்தைக் கொணர்ந்தார். அழகிய சரிவு, விளக்கமும் ஆயத்தமாக இருந்தது. இருவரும் அமர்ந்து வரிசைகளை எண்ணினோம். இதழ்ப் பட்டியல் முழுமையாக ஏறியிருந்தது. கட்டுரைப் பனுவல்களின் அட்டவணையோ இடையில் நின்றிருந்தது. ஆண்டுவாரிக் கட்டுரைத் தொகை முதல் அட்டவணையிலிருந்தும், சொல்லின் நிகழ்வெண் இரண்டாவதிலிருந்தும் வந்திருந்தன. தேய்ந்தது சொல்லன்று, பனுவல்களே அங்கு இல்லை. மறுநாள் முழுமையாக ஏற்றியபின் அச்சரிவு மறைந்தது. ஓர் இயல் எழுதப்படுமுன் அது தெரியவந்தது நல்லூழ்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஏற்றுமுன், கோப்பின் இறுதி வரியைப் பார்ப்பேன். மைஎஸ்கியூஎல்டம்ப் தன் பணி நிறைவுற்றதை இயல்பாக அங்கே எழுதிவைக்கும். அவ்வரி இல்லையெனில் கோப்பே குறைபட்டதாகலாம். 504 வந்தால் உடனே மீண்டும் ஏற்றுவதில்லை. பின்னணியில் முந்தைய ஏற்றம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். முதன்மைத் திறவுகோல் இல்லாத அட்டவணையில் இருமுறை ஏறினால், பிழையே வராமல் வரிசைகள் இரட்டிக்கும். ஏற்றியபின், ஒவ்வோர் அட்டவணையின் வரிசைகளையும் எண்ணி மூலத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன். இன்னோடிபி அட்டவணைகளுக்கு பிஎச்பிமைஅட்மின் பட்டியலில் காட்டும் எண் தோராயமானதாக இருக்கலாம். எண்ணும் கட்டளையைத் தனியே இயக்க வேண்டும். இறுதியாக, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாகச் சில வரிசைகளைக் கண்ணால் படித்துப் பார்ப்பேன்.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுதுகிறோம். மூலத்தில் இத்தனை வரிசைகள், ஏறியவை இத்தனை என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம். நெறியாளர்களும் அவ்வரியைக் கேட்டுப் பெறலாம். இதில் விடுபட்டவற்றை அறிந்தோர் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.