அக்காவின் பெருவிரல்

ஜனவரி 20
பொங்கலுக்கு வந்த அக்காவை இன்னும் எல்கடுவைத் தோட்டத்துக்கு அனுப்பவில்லை. வலது பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு எலும்பு துருத்துகிற இடத்தில் வீக்கம். சேலை பிழிய முடியவில்லை, போத்தல் மூடி திறக்க முடியவில்லை. பேரனைத் தூக்கினால் கண் கலங்குகிறது. மாதக்கணக்காகவே இருக்கிறதாம். சித்தாலேப தேய்த்து, துணி சுற்றிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கிறாள். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்கிறாள். எல்லாருக்கும் இருந்தால் அது வருத்தமில்லை என்று ஆகிவிடுமா?

ஜனவரி 22
கிளினிக். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார் டொக்டர். பாதியிலேயே அக்கா கத்திவிட்டாள். பெருவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டோரம் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவு ஓயாமல் நடந்தால் உறை தடித்து, நாண்கள் உராய்ந்து உராய்ந்தே போய்வர வேண்டியிருக்கும். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவைச் சிகிச்சை நிபுணர் டி குவர்வேனின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கும் வருவதுண்டு.

வீட்டில் கொழுந்து எடுப்பதைச் செய்துகாட்டச் சொன்னேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டிலையும் மொட்டும் ஒடிக்கின்றன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிகிறாள். பெருவிரல் மடங்கியபடியே மணிக்கட்டு திரும்புகிறது. கிளினிக்கில் ஒரே தடவை செய்து கத்தினாளே, அதற்கு மிக நெருங்கிய அசைவு. காலை தொட்டு அந்திக் கொழுந்து நிறுக்கும் வரை இதுதான்.

ஜனவரி 23
திருகோணமலை வீதி மருந்துக் கடையில் பெருவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டி வாங்கினோம். இதில் வகை உண்டு. பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்களுக்குக் குட்டையான பட்டி போதும், மணிக்கட்டு அசையலாம். அக்காவின் நாண்களோ மணிக்கட்டைத் தாண்டி முன்கைக்குள் போகிறவை. ஆகவே மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளப் பட்டி, உள்ளே வளையாத தகடு. பெருவிரலின் நுனிமூட்டு மட்டும் வெளியே. மாறி வாங்கிவிட்டு, "பட்டியும் போட்டுப் பார்த்தேன், சரிவரல்ல" என்று வைத்தியத்தையே கைவிடுகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

இறுக்கக் கட்டினால் சீக்கிரம் மாறும் என்று அக்காவுக்கு எண்ணம். பெருவிரலின் புறத்துக்குப் போகும் நரம்பு அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. அழுத்தினால் விரல் மரத்துவிடும். தளர்த்திக் கட்டிவிட்டேன்.

பெப்ரவரி 4
பக்கத்து வீட்டுத் தம்பி மிளகு பறிக்க ஏறிய ஏணி சறுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. ஆனாலும் பெருவிரலோடு சேர்த்துக் கட்டி, இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். "முறியலன்னா எதுக்கு டீச்சர் கட்டு?" என்று அவன் அம்மா கேட்டார். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் நோகிறது என்றால் உள்ளே இருக்கும் சின்னப் படகெலும்பு வெடித்திருக்கலாம். அந்த வெடிப்பு முதல் படத்தில் பிடிபடாமல் போவதுண்டு. அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல்பக்க முனையிலிருந்துதான் வருகிறது. நடுவில் முறிந்தால் மறுமுனைக்குப் போதிய இரத்தம் கிடைக்காது, ஒட்டுவதற்கு மாதக்கணக்கு ஆகும். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போடப் புறப்பட்டவரை, இரண்டாவது படம் வரைக்கும் கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 13
அக்காவின் வீக்கம் வற்றுகிறது. வற்ற வற்ற மலைக்குப் போகத் துடிக்கிறாள். இந்தப் பட்டியோடு கொழுந்து எடுக்க முடியாது. எடுக்கவிடாமல் தடுப்பதால்தான் அது குணமாக்குகிறது. வாரக்கணக்காக விரலைச் சும்மா வைத்திருக்கச் சொல்கிறார் டொக்டர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்கிறது தோட்டம். அந்த இடைவெளியை எந்தப் பட்டியும் தாங்காது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இந்த வருத்தம் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, விசை, மணிக்கட்டின் கோணலான நிலை ஆகியவற்றால் வருவது என்று. வேலையில் நேரும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் இலங்கையில் 1934 தொட்டு இருக்கிறது. ஆனால் அக்கா காயம் என்றால் வழுக்கி விழுவதையும் குளவிக்கொட்டையும்தான் சொல்கிறாள். குளவி கொட்டினால் தோட்டமே ஓடிவரும். விரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதை யாரும் கொப்பியில் பதிவதில்லை.

எங்கள் ஆட்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளையைத் தொட்டு மலைக்கு ஏறியவர்கள். கோப்பியும் தேயிலையும் அவர்கள் விரலால்தான் நடந்தன. அந்த விரலுக்கு ஒரு பட்டி வாங்கிக் கொடுப்பது தோட்டத்தின் கடமை. அதைவிட முக்கியம், கிளினிக் துண்டோடு வருகிறவளுக்கு விரல் நோகாத வேலை, முழுப் பேரோடு.

மாசி மகம்
மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வந்தன. அக்காவுக்கு வடம் பிடிக்க ஆசை. இடது கையால் தொட்டுக் கும்பிட வைத்தேன். வருத்தந்தான் அவளுக்கு.

மாசி மகத்துக்கு அடுத்த வாரம்
நோவு முழுதாகப் போகவில்லை. ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். ஊசியும் பட்டியும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிடப் பலன் கூடுதல். அக்காவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் சில நாள் சீனி ஏறலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டொக்டர்.

வாங்கில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அடிமூட்டுத் தேய்வு. குட்டைப் பட்டி போட்டு ஒரு மாதமாகியும் மாற்றமில்லை என்று சலித்துக்கொண்டார். பிரான்சில் இதே வருத்தமுள்ள 112 பேரிடம் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வை அவருக்குச் சொன்னேன். இரவில் மட்டும் பட்டி அணிந்தவர்களுக்கும் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 12 மாதத்தில் நோவு குறைந்திருந்தது. கேட்டதும் கழற்றிப் பைக்குள் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தார்.

அக்காவுக்கு இனிப் பட்டியைக் கழற்றிக் கழற்றி விரலை மெல்ல அசைக்கும் பயிற்சி. கொழுந்து இப்போதைக்கு வேண்டாம், இலகு வேலை கொடுக்கவும் என்று துண்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். கங்காணியிடம் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார் என்கிறாள் அக்கா. பிரதி எடுத்து, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்கு ஒன்று, சங்கத் தலைவருக்கு ஒன்று என்று கடிதம் எழுதி முடித்தேன். நாளை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பிரட்டுக்கு அவளோடு நானும் போகிறேன்.