கடல் கடந்த மடல்: கையில் தெரியும் ஆட்டம்

அன்புள்ள மாப்பிள்ளை,

ஒரகடம் பக்கத்தில் டை ராடு எண்ட் செய்யும் லைனில் சேர்ந்திருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். பெட்டி பெட்டியாக லாரி ஏறிப் போகும் அந்தச் சின்ன உருப்படி வண்டிக்குள் எங்கே உட்காருகிறது, தேய்ந்தால் என்ன ஆகிறது என்று கேட்டிருந்தாய். என் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் இந்த வாரம் அதைத்தான் மாற்றினேன்.

இந்த வண்டி 1978இல் இங்கே இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்தது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் அதன் அடிச்சட்டமும் முன்சக்கர அமைப்பும் ஸ்டியரிங்கும் டிரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தவை. அந்த ஹெரால்டை 1961 முதல் நம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை தயாரித்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி என்று அன்றைய ஓட்டுநர்கள் கொண்டாடினார்கள். 1988இல் அந்த ஆலை மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. நம் ஊர் வடக்குப்பட்டுக்காரர்கள் ஒரகடம் போய்ப் பஸ் பிடிக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனைக்குப் பக்கத்திலேயே கார் செய்த கைகள் ஹெரால்டு காலத்திலேயே இருந்தன. நீ அந்த வரிசையில் வந்தவன்.

இனி வேலைக்கு வருகிறேன். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் கையில் தெரியும். அது பெரும்பாலும் ஸ்டியரிங் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையிலுள்ள டை ராடு எண்ட்; இல்லையென்றால் அந்த ராக். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது தெரிந்தால் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ பார்க்க வேண்டும். ராக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர்களில் எஞ்சின் ஆயில் ஊறி இளகியிருந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராக்கே பக்கவாட்டில் நகரும். என் வண்டியில் அந்த ரப்பர்களும் போயிருந்தன.

டை ராடு எண்டின் முளை கூம்பு வடிவம். நட்டைக் கழற்றினாலும் அது தன் துளையில் இறுகிக்கொண்டு நிற்கும். அதைப் பிரிக்கத் தனிக் கருவி உண்டு. மரை மேல் சுத்தியல் படவே கூடாது. பழையதைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் சக்கரத்தின் கோணம் ஏறக்குறைய பழையபடியே நிற்கும். ஆனாலும் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே தீர வேண்டும். கழற்றிய பழைய எண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. அதன் வழியே தண்ணீரும் மண்ணும் போய்க் கிரீஸைக் கெடுத்து, உள்ளிருக்கும் உருண்டையை அரித்திருந்தன. லைனில் உறையில் கீறல் பார்த்து ஒரு உருப்படியை நீ ஒதுக்கி வைக்கிறாயே, அது யாரோ ஒருவர் கையில் ஆட்டம் தெரியாமல் காக்கிற வேலை.

இந்த வண்டியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று டிரனியன். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, வெண்கலத் துண்டு ஒன்றுக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். வறண்டுபோனால் தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிவிடும். ஆயில் விடச் சில நிமிடங்கள் போதும்.

2018 மே முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு இங்கே வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உரிமையாளருக்கு உண்டு. அதிகாரி யாரும் பார்க்காத வண்டியைத்தான் நாம் அதிக அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டியரிங்கில் வரும் ஆட்டத்துக்குக் கை பழகிவிடும், நாள்பட நாள்பட அது இயல்பாகவே தோன்றும். அதனால்தான் சக்கரத்தைத் தூக்கி, அசைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, எதிரே சைக்கிளில் வருகிற பிள்ளைக்கும் டை ராடு எண்டுக்குள் இருக்கும் அந்த உருண்டைதான் காவல்.

மச்சானின் பழைய ஆம்னி வேன் வீட்டு வாசலில்தானே நிற்கிறது? ஞாயிற்றுக்கிழமை சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கிப் பார். நீ செய்கிற உருப்படி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உன் கண்ணாலேயே பார்ப்பாய். ஆட்டம் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதே. நல்ல மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு மாற்று. மச்சானுக்கும் காட்டு.

அன்புடன்,
மாமா