'முடிந்தது' என்று ஒரு வார்த்தை... சென்னை வெள்ளம் சொன்ன டீம் வொர்க் பாடம்!

2015, டிசம்பர் 1. விடாத மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர, அடையாறு கரை தாண்டியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் வெள்ளம். பல இடங்களில் கரன்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

உதவ நினைத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 'வயதானவர்கள் மொட்டைமாடியில் தவிக்கிறார்கள்' என்று ஒரு மெசேஜ் வரும். அவர்களை மீட்ட பிறகும் அது குரூப் குரூப்பாகச் சுற்றும். பழைய மெசேஜுக்குப் பலர் போன் போட்டுக்கொண்டிருக்க, நிஜமாகவே தவிப்பவரின் குரல் அமுங்கிப்போகும்.

இதைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தது, பெரிய தொழில்நுட்பம் எதையும் அல்ல. எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஆன்லைன் ஷீட்! தங்க இடம் எங்கே, சாப்பாடு எங்கே, யாருக்கு உதவி வேண்டும் என எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. வெளியூரில் இருந்தவர்களும் போன் செய்து தகவல்களைச் சரிபார்த்தார்கள். இன்னொரு பக்கம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் தயாரானது. தண்ணீர் நிற்கும் தெருவை அதில் யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம்.

சாஃப்ட்வேர் டீம்கள் தினமும் மோதும் சுவரும் இதுதான். ஐ.பி.எம் நிறுவனத்தின் பெரிய சாஃப்ட்வேர் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு கணக்கு சொன்னார். 5 பேர் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச 10 வழிகள். 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1,225! தாமதமாகும் வேலையில் இன்னும் ஆட்களைச் சேர்த்தால், அது மேலும் தாமதமாகும் என்றார் அவர்.

ஒரு கோளாறை ஒருவர் மெயிலில் சொல்வார், இன்னொருவர் சாட்டில் சொல்வார், மூன்றாமவர் டீக்கடையில் சொல்வார். இரண்டு பேர் அதையே சரிசெய்துகொண்டிருக்க, அடுத்த கோளாறை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கெட்டிக்காரர்கள் நிறைந்த டீமும் இப்படித்தான் தடுமாறுகிறது.

வழி எளிது. பிரச்னைகளை ஒரே இடத்தில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்று குறிக்க வேண்டும். அதிகம் விட்டுப்போவது இந்த மூன்றாவதுதான். வெள்ள நேரத்தில் அந்த ஒரு வார்த்தை, அடுத்த வீட்டுக்குப் படகைத் திருப்பிவிடும்.

கல்யாண வேலையோ, அப்பாவின் ஆஸ்பத்திரி அலைச்சலோ, வீட்டிலும் இதே கதைதான். 'நீ பார்த்துக்குவேன்னு நினைச்சேன்' என்ற சண்டை வருவதற்குள், ஃபேமிலி குரூப்பில் ஒரு லிஸ்ட் போட்டுவிடலாம்!