நாங்க நீஞ்சுற தண்ணி

எனக்கு நீஞ்சப் பிடிக்கும். சோறு, தூக்கம் மாதிரி அது எனக்கு வேணும். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. நம்ம எழுத்து என்றால் அடி, பசி, அவமானம் என்றே ஆகிப்போனதில், நாம எதில் சந்தோசமாக இருந்தோம் என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது.

திருநள்ளாறு பக்கம் எங்க ஊர். குடியானத்தெருவை ஒட்டி, படித்துறை வைத்த குளம் ஒன்று உண்டு. அதில் எருமை இறங்கும், நாய் இறங்கும். நாங்க இறங்கக்கூடாது. எங்க தெருவுக்கு வாய்த்தது வாய்க்கால்தான். அதுவும் அவங்க தெருவைத் தாண்டி வருகிற கீழ்த்தண்ணி. நாங்க கடைமடை. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும் எங்களுக்கு வந்து சேர நாளாகும். 'தண்ணி வந்துட்டுது' என்று யாராவது கத்தினால் தெருவே ஓடும்.

அந்த வாய்க்காலில் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது எங்க அத்தை. நடவு முடிந்து சேறும் சகதியுமாய் வருகிற பொம்பளைங்க எட்டுப் பத்துப் பேர் மதகடியில் சேர்ந்து இறங்குவார்கள். பாவாடையை மாருக்கு மேல ஏற்றிக் கட்டி, அதில் காற்றைப் பிடித்து உப்பலாக்கி மிதப்பார்கள். "ஏ புள்ள, தண்ணியோட சண்ட போடாத. மல்லாந்து படு, அதுவே தாங்கும்" என்பாள் அத்தை. நாள் முழுக்கக் குனிந்த முதுகு தண்ணியில் நிமிரும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். வரப்பில் நின்று அதட்ட அங்கே ஆள் கிடையாது. யார் ரொம்ப நேரம் முங்குவது என்று பந்தயம் நடக்கும். மூன்று பிள்ளை பெற்றவள் நாலு பிள்ளை பெற்றவளின் காலைப் பிடித்து இழுப்பாள். நாளைக்கு இவ்வளவு கூலி தந்தால்தான் வயலில் இறங்குவது என்று பேசி முடித்ததும் அந்தத் தண்ணியில்தான்.

பக்கத்திலேயே நளதீர்த்தம். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. எண்ணெய் தேய்த்து முங்கி, உடுத்திய துணியைத் தோஷத்தோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். அத்தை அந்த ஈரத்துணியைக் கூலிக்கு அள்ளியிருக்கிறாள். "ஊரு சனியன பூரா நான்தான் வாரிக் கொட்டுறேன். என்ன ஒண்ணும் புடிக்கலியே" என்று சிரிப்பாள். எங்க வாய்க்காலில் நாங்க கழுவியது கண்ணுக்குத் தெரிகிற சேறு. அது போனபிறகும் இருட்டும்வரை நாங்க கரையேற மாட்டோம்.

எம்.ஏ. படிக்கும்போதுதான் மகாத் பற்றி வாசித்தேன். 1927 மார்ச் 20ல் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு இழுத்து, 1937ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964 ஜூனில் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், ஒரு விடுதியின் நீச்சல்குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்தார்கள். விடுதி மேலாளர் தண்ணீரில் அமிலத்தைக் கொட்டினார். ஒருத்தர் உடம்பைத் தொட்ட தண்ணீர் அடுத்தவர் உடம்பைத் தொடாமல் இருக்காது. அதுதான் இவர்களையெல்லாம் பதறவைக்கிறது.

1950ல் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொதுக் குளத்தையும் படித்துறையையும் யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிவைத்திருந்தவன் அவன். 1954ல் போனான். 1962ல் நாங்க சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். எங்க ஊர்க் குளத்துப் படித்துறைக்கு மட்டும் அந்த 15ஆம் பிரிவு நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை வந்து சேரவில்லை.

இப்பவும் நாங்க கூட்டமாகத்தான் நீஞ்சுகிறோம். மொத்தம் ஏழு பேர். ரெண்டு டீச்சர், ஒரு அங்கன்வாடி ஊழியர், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற ரெண்டு பேர், நான், அறுபதைத் தாண்டிய அத்தை. தண்ணி ஓடுகிற மாதங்களில் ஞாயிறு காலை அரசலாற்றுக்குப் போய்விடுவோம். தனியாக யாரும் இறங்குவதில்லை. முறைபோட்டு ஒருத்தி கரையில் கயிறோடு நிற்பாள். "கல்யாணம் காட்சி ஆன பொம்பளைக்கு என்னடி ஆட்டம்" என்று நம்ம தெரு ஆம்பளைங்களே கேட்கிறார்கள். குளத்தை அடைத்தவன் சாதிக்காரன். பெண் வயசுக்கு வந்ததும் வாய்க்காலையும் அடைக்கிறவன் நம்ம அப்பன், அண்ணன். இதையும் நாமதான் எழுதவேண்டும்.

வாய்க்காலில் இப்போது ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. நீச்சல் தெரிந்த பெண்பிள்ளைகள் எங்க தெருவில் குறைந்துகொண்டே வருகிறார்கள். தெருவுக்கு நூலகம் கேட்டிருக்கிறோம், சமுதாயக்கூடம் கேட்டிருக்கிறோம். இந்த வருசம், வாய்க்காலைத் தூர்வாரி பெண்கள் இறங்கி நீஞ்ச ஒரு படித்துறை கட்டித்தரவேண்டும் என்றும் மனு எழுதியிருக்கிறோம். முதல் கைநாட்டு அத்தையுடையது.