சாவிக்குப் பின்னால் உள்ள வேலை

பழைய டீசல் பிக்கப் ஓடும்போதே நின்றுவிடுகிறது, சாவியை லேசாக ஆட்டினால் மறுபடி உயிர் வருகிறது என்றால் இக்னிஷன் சுவிட்சைச் சந்தேகப்படலாம். ஆனால் உடனே கழற்றிவிடக் கூடாது. “சந்தேகத்துக்குச் சாமான் மாத்துனா ஸ்பேர் கடைக்காரன்தாண்டா பிழைப்பான்” என்பார் எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி.

காய்கறி லோடு வண்டி ஒன்று வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் இன்ஜின் ஆஃப். முன்பு பார்த்தவர்கள் டீசல் ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்து, கடைசியில் பம்பையே இறக்கச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி பானட்டைத் திறந்து, பம்பில் இருக்கும் சொலினாய்டு மேல் விரலை வைத்தார். “சாவியை ஆட்டுடா” என்றார். ஆட்டும்போதெல்லாம் அவர் விரலடியில் ‘டிக், டிக்’. சுவிட்சில் கரண்ட் விட்டுப்போனால் சொலினாய்டு டீசலை அடைத்துவிடும். பம்பு மேல் பழி போட்டு என்ன பயன்?

தம்பிமார்களே, முதலில் டெஸ்ட். பல சுவிட்சுகளின் பின்புறம் 30, 15, 50 என்று எண் போட்டிருக்கும்; ஜெர்மன்காரர்கள் வகுத்த எண்முறை அது. 30இல் எப்போதும் பேட்டரி கரண்ட். சாவி ஆன் செய்தால் 15இல் வர வேண்டும், ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் 50இல். டெஸ்ட் லேம்ப் எரிந்தது என்று திருப்திப்படாதீர்கள். வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை 30இலும் மறுமுனையை 15இலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது.

அதன்பின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங் கவரைப் பிரியுங்கள். பல வண்டிகளில் சாவித் துவாரம் தனி, பின்னால் இருக்கும் சுவிட்ச் தனி. இரண்டு சின்ன ஸ்க்ரூதான். பழைய சாவியே போதும், லாக் செட் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. பழையது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் புதியதைத் திருப்பி உட்கார வையுங்கள். உட்கார மறுத்தால் தட்டாதீர்கள், காடி மாறியிருக்கும்.

கப்ளரையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார் மேஸ்திரி. கருகல் வாசம் அடித்தால் புது சுவிட்சும் அதில் சீக்கிரமே போய்விடும். பழுப்பேறிய பின்னை வெட்டிவிட்டுப் புது டெர்மினலை கிரிம்ப் செய்யுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வேலையில் சேராது.

சுவிட்ச் ஏன் கருகியது என்றும் பாருங்கள். செல்ஃப் மோட்டார் சொலினாய்டு இழுக்கும் கரண்ட் 30 ஆம்பியரைத் தாண்டுவதும் உண்டு. பழைய வண்டிகள் சிலவற்றில் அது முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது. நடுவில் ஃபியூஸோடு ஒரு 40 ஆம்பியர் ரிலே வைத்தால் சுவிட்சுக்கு அரை ஆம்பியர்கூடச் சுமை இராது.

முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பழைய சுவிட்சைப் பிரித்து, கருகிய இடத்தை வண்டிக்காரரிடம் காட்டிய பிறகு கூலி கேளுங்கள்.