அக்கா போட்ட வெள்ளை மாத்திரை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வகுப்பில் 'அழற்சி' நடத்தும்போது சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் நானே படித்ததில்லை. படிக்க வைத்தது எங்கள் அக்கா.

2006-ல் சிக்குன்குனியா வந்துபோன பிறகு அக்காவுக்கு முழங்கால் வலி விடவே இல்லை. யாரோ சொல்லி, ஒரு கடையில் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டார். சீட்டு கிடையாது, பெயரும் தெரியாது. மூன்றாம் நாள் குனிந்து கோலம் போட்டார். "கைராசிக்காரன்டா தம்பி!" என்றார். சில மாதத்தில் முகம் உருண்டையானது. "எரியோட்டுக்கு வந்ததும் பூசினாப்ல ஆயிட்டே" என்று நாங்களே சந்தோஷப்பட்டோம்.

ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது மாத்திரையை மறந்துவிட்டார். நான்காம் நாள் மயங்கி விழுந்தார். திண்டுக்கல்லில் டாக்டர் அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டீராய்டு எத்தனை மாசமா போடுறீங்க?"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்று ஒரு புரதம் இருக்கிறது. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் 1986-ல் கண்டுபிடித்தது. சும்மா இருக்கும்போது இன்னொரு புரதம் அதைப் பிடித்து உட்காரவைத்திருக்கும். கிருமியோ காயமோ வந்தால் அந்தப் பிடி சிதைந்துவிடும். இது உட்கருவுக்குள் ஓடி, வீக்கத்தை உண்டாக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். அழகு என்னவென்றால், தன்னைப் பிடித்து வைக்கும் அந்தப் புரதத்தின் மரபணுவையும் அதுவே எழுப்பும். தன் கடிவாளத்தைத் தானே செய்துகொள்கிற குதிரை! நீண்டநாள் மூட்டுவலியில் இந்த அடக்கம் கைகூடுவதில்லை.

ஸ்டீராய்டும் உட்கருவுக்குள்ளேயே போய் அந்த மரபணுக்களை அடக்குகிறது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் கோலம் போட முடிந்தது. கொரோனாவில் டெக்சாமெதசோன் உயிர் காத்ததும் இப்படித்தான். நல்ல மருந்து, கேவலமாகச் சொல்லமாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால், அட்ரீனல் சுரப்பி தன் கார்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும்.

"மஞ்சள் போதாதா சார்?" என்பீர்கள். ஆய்வகத்துச் செல்களில் குர்குமின் இதே புரதத்தைத் தடுப்பதாக 1995-லேயே எழுதினார்கள். சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குழம்புக்குப் போடுங்கள், போதும்.

அக்காவுக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த எட்டு மாதம் ஆனது. முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. கோலம் இப்போது மருமகள்தான் போடுகிறாள்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ பெயர் தெரியாத மாத்திரை போட்டால், இன்றைக்கே அட்டையை வாங்கிப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.