பேஸ் அடிச்சா லைட் மங்குதா?

"மச்சி, 1000 வாட்ஸ் ஆம்ப் வாங்கிட்டேன். மாட்டலாம் வா!" என்று நண்பன் குதித்தான். நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

கணக்கு சிம்பிள். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். ஃபுல்லா அலறவிட்டா ஆம்ப் 70 ஆம்பியருக்கு மேல இழுக்கும். பல சின்னக் கார்களோட ஆல்டர்னேட்டர் மொத்தமா தர்றதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் அதுலதான் ஓடணும். அதான் 'தும்'னு பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குது. ராத்திரி ஹைவேயில இது ஸ்டைல் இல்ல, ஆபத்து!

ஆல்டர்னேட்டர் டு பேட்டரி, பேட்டரி டு பாடி, இன்ஜின் டு பாடி... முதல்ல இந்த மூணு வயரையும் தடிமனா மாத்தணும். பத்தலைன்னா பெரிய ஆல்டர்னேட்டர். எக்ஸ்ட்ரா பேட்டரி கரன்ட்டைச் சேர்த்து வைக்குமே தவிர, தயாரிக்காது.

ஆம்புக்குப் போற வயர்ல, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் கட்டாயம். இல்லேன்னா வயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆனா, தீதான்.

ஸ்பீக்கர் பட்ஜெட்ல வயருக்கும் ஃப்யூஸுக்கும் முதல்ல காசு எடுத்து வைங்க பாஸ். அப்புறம் ஆட்டம் போடலாம்!